விழாவுக்குப் போய் வந்த துணி

துணியை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் விரித்ததும் நர்ஸ் அமலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சைத் துணி முழுக்க வெளிச்சப் பொட்டுகள். அத்தனையும் குண்டூசித் துளை.

அடுத்ததை விரித்தாள். அதிலும்.

அதற்கடுத்ததிலும்.

ஆபரேஷன் கருவிகளை இந்தத் துணியில்தான் இரண்டு சுற்றுச் சுற்றி ஆவியில் வேகவைப்பார்கள். பிரிக்கும்வரை உள்ளே ஒரு கிருமி நுழையக் கூடாது. பழைய துணிகள் வெளுத்து வெளுத்து நைந்து, தரை துடைக்கப் போய்விட்டன. புதிதுக்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பாள்! வந்து இறங்கிய கையோடு சூப்பரிண்டெண்ட் ஆள் அனுப்பி அள்ளிக்கொண்டு போனார். புதுக் கட்டடத் திறப்பு விழா மேடைக்குப் பின்னால் பச்சையாக எதையாவது குண்டூசி குத்தித் தொங்கவிட்டால் போட்டோவில் எடுப்பாக இருக்குமாம்.

எடுப்பாகத்தான் இருந்தது. நாசமாய்ப் போக.

அவரே வந்து நின்றார்.

"என்ன அமலி சிஸ்டர், குண்டூசி ஓட்டைக்கா இந்த ஆர்ப்பாட்டம்? கண்ணுக்கே தெரியல. சுத்தி அனுப்புங்க."

"கிருமி மட்டும் கண்ணுக்குத் தெரியுதா சார்?"

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவன் ஒரு பெயிண்டர். சாரம் சரிந்து விழுந்ததில் தொடையெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே தகடு வைக்க வேண்டும். தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தால் காலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டாள். நல்ல துணி நாளைக்குத் தருகிறார்கள். ஒரே ஒரு நாள்.

"ஏன் தள்ளிப்போச்சுன்னு மேல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"மேடையில தொங்கவிட்டேன்னு சொல்லுங்க."

அவர் முகம் சிவந்தது. "நீங்க சுத்தலைன்னா வேற ஆள வச்சு சுத்திக்கிறேன்."

செய்வார். அவர் செய்யக்கூடிய ஆள்தான்.

அவள் கத்தரியை எடுத்தாள். முதல் துணியைக் குறுக்கே வெட்டினாள். அடுத்ததையும்.

"அரசாங்கச் சொத்து சிஸ்டர்!"

காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் விருட்டென்று வராந்தாவுக்குப் போனார். எங்கே போகிறார் என்று புரிந்ததும் அவளும் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் பெயிண்டரின் மனைவி பவுனுத்தாயிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"இன்னைக்கு ஆபரேஷன் இல்லம்மா. சுத்துற துணியையெல்லாம் இந்த சிஸ்டர்தான் வெட்டிப்போட்டுட்டாங்க."

பவுனுத்தாய் அமலி பக்கம் திரும்பினாள்.

"ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்காரு. ஏற்கெனவே ஒருக்காத் தள்ளிப்போட்டாச்சு. உங்க நெஞ்சுல ஈரமே கெடையாதா? நல்லாருப்பீகளா நீங்க?"

அமலி வாயைத் திறந்தாள். பவுனுத்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இனி யார் சொல்வதும் ஏறாது.

மேசைமேல் வெட்டாமல் இன்னும் இரண்டு துணிகள் இருந்தன. ஒரு செட் கருவிகளைச் சுற்ற அது போதும். சூப்பரிண்டெண்டின் பார்வையும் கதவு வழியாக அங்கேதான் இருந்தது.

அமலி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே பவுனுத்தாய் மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே கேட்டது.

அமலி அந்த இரண்டையும் வெட்டினாள்.