போட்டிக்கு வந்தவர்

"இன்னிக்கு இதையும் கோட்டை விட்டீங்கன்னா, அடுத்த மாசம் நாம நடுத்தெருவுலதான் நிக்கணும். சொல்லிட்டேன்" என்று வாசற்படியிலேயே மனைவி காதைக் கடித்தாள்.

"நீ கவலையே படாதே. எல்லாத்தையும் அலசி ஆராய்ஞ்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றான் அவன்.

பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது அவன் வேலை. எதையும் நிமிடமாகவே பார்ப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு 'நிமிஷம்' என்றே பெயர். ரயிலடிப் பக்கம் வீடு வாங்கினால் அலுவலகம் பன்னிரண்டு நிமிடம். ஆனால் விலை யானை விலை. ஏரிக்கரையில் விலை முக்கால்வாசிதான். போய்ச் சேர ஐம்பது நிமிடம். இந்தப் பூங்காத் தெரு இருபத்து நான்கு நிமிடம், விலையும் கைக்கு எட்டுகிற விலை. இப்படி அவன் ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததில், இதற்கு முன் பார்த்த இரண்டு வீடுகளை வேறு யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். வாடகை வீட்டுக்காரரோ மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

எட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசையில் இது மூன்றாவது. கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறைகள். தரகர் சமையல் மேடையில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். கூடத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார்.

"இந்தச் சுவத்துல ரெண்டு, மாடியில நாலு ஸ்பீக்கர் மாட்டலாம்" என்று ஓர் இளைஞன் அளவு நாடாவோடு குதூகலித்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் மெல்ல அவன் பக்கம் நகர்ந்தார். "தம்பி, இதே விலைக்கு ஏரிக்கரையில மூணு பெட்ரூம் வீடே கிடைக்குது, தெரியுமா? இங்க மாடி ரூம்ல சாயங்கால வெயில் சுள்ளுனு அடிக்கும். மழை வந்தா ஜன்னல் கதவு ஒண்ணுகூடச் சாத்த முடியாது."

இளைஞன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அடுத்து, நான்கு பையன்கள் மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்க, அவர்களைப் பெற்றவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "ரயிலடியில ஸ்கூல் வாசல்லயே வீடு விலைக்கு வருதும்மா. கொஞ்சம் கூடுதல்தான், ஆனா பசங்களைக் கொண்டுவிடற அலைச்சல் மிச்சம்" என்றார் அம்மாள். அந்தக் குடும்பமும் நடையைக் கட்டியது.

நிமிஷத்துக்குப் பொறி தட்டியது.

"பார்த்தியா? வர்ற ஆளுங்களை ஒவ்வொருத்தரா கழட்டி விடறாங்க. வீட்டை அமுக்கத்தான் இத்தனை நாடகம்."

"சாயங்கால வெயில் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காங்களேங்க!"

"நாலஞ்சு தடவை வந்து பார்த்திருப்பாங்க. பலே ஆளு! ஆனா நம்மகிட்ட அந்தப் பருப்பு வேகாது."

அம்மாள் அவர்களிடமும் வந்தார். "வீட்ல எத்தனை பேரும்மா?"

"நாங்க ரெண்டு பேர்தாங்க."

"பாட்டு கீட்டு சத்தமா வைப்பீங்களா?"

"ஐயோ! நான் நர்ஸுங்க. பாதி நாள் நைட் டியூட்டி, பகல்லதான் தூக்கம். குண்டூசி விழுந்தாக்கூட இவரைத்தான் திட்டுவேன்" என்றாள் மனைவி.

அம்மாள் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். எதிராளியின் பலவீனத்தை எழுதி வைக்கிறார் என்று அவனுக்குப் பட்டது. இனிமேல் பொறுத்தால் காரியம் கெட்டுவிடும்.

"பெரியவங்க நீங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்று குரலைத் தாழ்த்தினான். "இந்த மாதிரி வீட்டுல ரெண்டு வீட்டுக்கும் சுவர் ஒண்ணுதான். அந்தப் பக்கம் எப்பேர்ப்பட்ட ஆளு இருக்காங்களோ! தொட்டதுக்கெல்லாம் சண்டைக்கு வர்ற ராங்கிக்காரியா இருந்தா, காலம் பூரா அவளோட மல்லுக்கட்டணும். உங்களுக்கு ஏரிக்கரைதான் தோது."

மனைவி அவன் முழங்கையைக் கிள்ளினாள். அம்மாள் கோபப்படவில்லை.

"நானும் கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டம்மா கொஞ்சம் கறார்னுதான் சொல்றாங்க. உங்களுக்குப் பரவாயில்லையா?"

"அதெல்லாம் நாங்க சமாளிச்சுக்குவோம்" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"அப்படியா? சரி, நான் தரகர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

பேசவிடுவானா? இரண்டே எட்டில் அவரை முந்திக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தான். விலையில் ஐந்து சதவீதம் குறைத்துக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தவன், "சொன்ன விலைக்கே எடுத்துக்கறோம். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றான். முன்பணம் கைமாறியது. தரகர் விட்ட பெருமூச்சு அவனுடையதைவிடப் பெரிதாக இருந்தது.

வெளியே வந்ததும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம வீடுங்க" என்று கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அவனுக்கோ, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிமிடம் முந்திவிட்ட பெருமிதம்.

நோட்டை மூடியபடி அந்த அம்மாளும் வெளியே வந்தார். தோற்றவரிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டாமா?

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, நாங்க முடிச்சிட்டோம். ஏரிக்கரையில உங்களுக்கு இதைவிட நல்ல வீடா அமையும்" என்றான்.

"நான் எதுக்குப்பா ஏரிக்கரைக்குப் போகணும்? பத்துக் குடும்பத்தை அங்கேயும் இங்கேயும் அனுப்பி வச்சப்புறம், இப்பத்தான் மனசுக்குப் பிடிச்ச மாதிரி ரெண்டு பேர் கிடைச்சிருக்கீங்க" என்ற அந்த அம்மாள், கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, ஒட்டியிருந்த பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.