நீலக்காரன்

அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த, இரண்டு பேர் ஆடும் பழைய வீடியோ கேம் அது. இப்போது அதை ஆன்லைன் கடையில் டவுன்லோடுக்கு விடும் முன், அண்ணன் அதில் ஓடும் இரண்டு பொம்மைகளில் நீலக்காரனை மட்டும் தூக்கிவிடச் சொன்னான் புரோகிராமரிடம். சிவப்புக்காரன் அவன் வரைந்தது. நீலக்காரன் செத்துப்போன தம்பி வரைந்தது. விட்டுவைத்தால் தம்பி பெண்டாட்டி உரிமை கொண்டாடிக்கொண்டு வந்து நிற்பாள்.

விற்பனைக்கு வந்த அன்றே புகார்கள் குவிந்தன. எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "ஒருத்தர் ஆடுற கேம்னு போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு ஒரு நீலக்காரன் பின்னாலயே வந்து பள்ளத்துல தள்ளிவிடறான்?"

அண்ணன் புரோகிராமரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தான். "அவ உனக்கு எவ்வளவு குடுத்தா?"

"நீலக்காரன் படம்கூட உள்ள இல்ல சார். நீங்களே ஆடிப் பாருங்க."

ஏழாவது மாடியில் புது ஆபீஸ். இன்னும் தடுப்புக் கம்பி போடாத பால்கனியின் கதவைக் காற்றுக்காகத் திறந்துவிட்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் ஆடினான். பள்ளத்தின் விளிம்பில் சிவப்புக்காரனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். யாரும் வரவில்லை.

"அப்பவும் பயந்தாங்கொள்ளி, இப்பவும் பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தான்.

அவன் முதுகில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்தன. நாற்காலி மெல்லப் பால்கனிப் பக்கம் திரும்பியது.