கனடா போகிறவளுக்கு எதற்கு உதவித்தொகை?

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் மறுவேலை!"

தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள் அனுசுயா. காமயகவுண்டன்பட்டியிலிருந்து தாலுகா ஆபீஸ் வந்து சேரும் வரை அவளுக்குக் கொதிப்பு அடங்கவில்லை.

பின்னே என்ன? பக்கத்து வீட்டு மொக்கம்மாளின் மகன் சுரேஷ்கண்ணனுக்குக் கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவை ஒரேயடியாக அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறான். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. போகட்டும், அது அவள் கொடுப்பினை.

ஆனால் டீக்கடைக் கோட்டைச்சாமி நேற்று ஒரு சேதி சொன்னான்.

"மொக்கம்மா அத்தை தெனமும் தாலுகா ஆபீசுக்கு அலையிறாகளே, தெரியுமா? அவுகளுக்கு மாசாமாசம் வர்ற முதியோர் உதவித்தொகை விஷயமாம்."

"கனடா போறவளுக்கு அது எதுக்குடா?"

"யார் விடுவா? ஏ.டி.எம். கார்டை யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போனா, பணம் பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும். வருசத்துக்கு ஒருக்க உயிரோட இருக்கேன்னு போன்ல மூஞ்சியைக் காட்டுனாப் போதுமாம்."

அவன் சொன்னதில் பாதி அவன் கற்பனை. அனுசுயாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ராத்திரி கண்ணை மூட முடியவில்லை.

அவளுக்கும் புருஷன் இல்லை. பிள்ளையும் இல்லை. திராட்சைத் தோட்டத்து வேலையில்தான் இத்தனை காலமும் வயிற்றைக் கழுவினாள். பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வேலை. இப்போது தோளுக்கு மேலே கை ஏற மாட்டேன் என்கிறது. யாரும் வேலைக்குக் கூப்பிடுவதும் இல்லை.

உதவித்தொகைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள். "உங்க ஊருக்கு உள்ள எண்ணிக்கை முடிஞ்சிருச்சும்மா. யாராவது குறைஞ்சாத்தான்" என்று ஒவ்வொரு முறையும் அனுப்பிவிடுகிறார்கள். யாராவது குறைய வேண்டும் என்றால் யாராவது சாக வேண்டும். அதைச் சாமியிடம் போய் வேண்டிக்கொள்ளவா முடியும்?

ஆபீசில் நல்ல கூட்டம். தாசில்தார் அறைக்குள்ளிருந்து மொக்கம்மாளின் குரல் வராண்டா வரை கேட்டது.

"இதை முடிச்சுக் குடுக்காம நான் இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன் தாயி! எனக்கு நாளைக்குப் பிளேனு!"

பிளேன் ஏறப் போகிறவளின் பேராசையைப் பார் என்று பொருமினாள் அனுசுயா.

கொஞ்ச நேரத்தில் மொக்கம்மாள் வெளியே வந்தாள். புதுச் சேலை, கையில் மகன் அனுப்பிய பை. அனுசுயாவைக் கண்டதும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு நடந்தாள். தென்னை மட்டை விழுந்து ஓடு உடைந்த சண்டையில் பேச்சு நின்றதுதான், இருவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அனுசுயா விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள். தாசில்தார் யுவராணி நிமிர்ந்து பார்த்தார்.

"உட்காருங்கம்மா. என்ன விஷயம்?"

"இப்ப வெளிய போனாளே, அவளைப் பத்தித்தான் தாயி. மகன் கனடாவுல கை நெறைய சம்பாரிக்கிறான். இவ அங்கனயே குடியிருக்கப் போறா. அவளுக்கு எதுக்குக் கவர்மெண்டுப் பணம்? நிறுத்துங்க. நிறுத்தாம நான் போக மாட்டேன்."

"நிறுத்தியாச்சும்மா."

வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்த அனுசுயாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"யாரு சொல்லி நிறுத்துனீக?"

"அவங்களே சொல்லித்தான். இந்த நாற்காலிக்கு முன்னால, குடுங்கன்னு அழுதவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன். தனக்கு வர்றதை நிறுத்துங்கன்னு சண்டை போட்ட ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

"நெசமாவா?"

"நான்கூட நல்லா யோசிச்சுக்கச் சொன்னேன். குளிர் ஒத்துக்கலை, மருமகளோட சரிப்பட்டு வரலைன்னு திரும்பி வந்துட்டா, இது உடனே கிடைக்காது. மறுபடி மனுப் போட்டு எல்லாருக்கும் பின்னாடி காத்துக் கிடக்கணும்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'நான் கிடந்துக்கிறேன் தாயி, இப்பக் கிடக்குறவ பாவம்'னாங்க."

அனுசுயா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"யாரைச் சொல்றா?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தங்களாம். அடுத்த பேரு அவங்களோடதான்னு நான் சொன்ன பிறகும் நம்பலை. கையோட அவங்க பேருக்கு உத்தரவு போடச் சொல்லி, போட்டதைப் படிச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் எழுந்தாங்க. 'அவ ரோசக்காரி. நான் விட்டுக் குடுத்ததுன்னு தெரிஞ்சா வாங்க மாட்டா, சொல்லிராதீக'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறாங்க. பாவம், அந்த அனுசுயாம்மாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது."

அனுசுயாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஓடிப் போய்ப் பஸ் ஸ்டாப்பிலேயே மொக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் யுவராணி பேனாவை எடுத்தார்.

"சரி, இருந்தாலும் வந்த புகாரை எழுதிக்கணும்ல? உங்க பேரு என்னம்மா?"