வேலை செய்யாதவர்

அவள் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

என் பழைய வேட்டியின் கிழிசல். விரலுக்கு ஒன்று. கடலுக்கடியில் பாறையிலிருந்து பாசி பறிக்கும்போது விரல் கிழியாமல் இருப்பதற்கு.

ஒன்பது விரலுக்கு அவளே சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். பத்தாவதைப் பல்லால் கடித்து இறுக்குவாள். அன்று அவளுக்குப் பல்வலி.

கையை என் முன்னால் நீட்டினாள். வலது கட்டைவிரல்.

பக்கத்தில் அறுந்த வலை கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டு நைலான் நூலை எடுத்துத் துணிக்கு மேல் கட்டினேன். வலைக்குப் போடும் முடிச்சு. நனைய நனைய இறுகும்.

"இன்னையிலேருந்து டீச்சர் திரும்ப வருவாங்களாம். மாத்திச் சொல்லிருய்யா."

சரி என்றேன்.

அன்று மார்ச் ஒன்றாம் தேதி.

*

மக்கள்தொகைக் கணக்கெடுக்க டீச்சர் முதலில் வந்தது பிப்ரவரி நடுவில். அப்போது அவள் கடலில் இருந்தாள். நான் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

என் தொழிலைக் கேட்டார். மீன்பிடி என்றேன். எழுதிக்கொண்டார்.

இடுப்பு போனபிறகு மூன்று வருடமாக நான் படகில் ஏறியதில்லை.

பிறகு என் மனைவியைப் பற்றிக் கேட்டார். கடந்த ஒரு வருடத்தில் ஒரு நாளாவது வேலை செய்தாரா?

தீவைச் சுற்றிய கடலில் இறங்கக் கூடாது என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. பிடிபட்டால் படகு போய்விடும். சர்க்கார் காகிதம் எந்த மேசைக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன்.

டீச்சர் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பாசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதினார்.

வேலை செய்யாதவர்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். உப்புப் போக நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொம்பு பாதியில் நின்றது.

"ஏய்யா, முப்பது வருசமா நான் கடல்ல குளிச்சிக்கிட்டா இருந்தேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அன்று எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்காரவில்லை.

மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த வாரமும். பாசி என்று எழுத வேண்டாம், வேலை என்று மட்டும் எழுதினால் போதும் என்றாள்.

*

ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மூழ்கியவள் மேலே வரவில்லை.

கூடப் போன எட்டுப் பெண்களும் தேடி எடுத்துப் படகில் கொண்டுவந்தார்கள். வரும் வழியிலேயே, மூழ்கும்போது அவள் போடும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த பாசிப் பையைக் கடலில் விட்டார்கள். விரல் துணிகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள்.

ஒன்று மட்டும் அவிழவில்லை.

அவள் தங்கை கரையில் என் காதருகே குனிந்தாள்.

"குளிக்கப் போனதாச் சொல்லிட்டோம் மச்சான். நீங்களும் அதையே சொல்லுங்க. நாளைக்கு நாங்க போகணும்ல."

போலீஸ்காரர் கட்டைவிரலைப் பார்த்தார். என்ன இது என்றார்.

அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டாள் என்றேன்.

*

டீச்சர் நான்காம் தேதி வந்தார். பந்தலைப் பார்த்ததும் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

பந்தலில் வந்து உட்கார்ந்தார். பிறகு படிவக் கட்டைப் பிரித்தார். இடையில் பிறந்தவர்களைச் சேர்க்கவும் இறந்தவர்களின் பெயரை அடிக்கவும்தான் இந்த இரண்டாவது வருகை.

"எப்பண்ணே?"

ஒன்றாம் தேதி காலையில் என்றேன்.

பிப்ரவரி முடிந்த நள்ளிரவில் உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் கணக்கில் உண்டாம். அவள் அதற்குமேல் பத்து மணி நேரம் இருந்திருக்கிறாள். பெயரை அடிக்க வேண்டியதில்லை.

நம்புத்தாய். வயது நாற்பத்தேழு.

"வேற எதுவும் மாத்தணுமாண்ணே?"

மாற்ற வேண்டும் என்றேன். அவள் வேலை பார்த்தாள் என்றேன்.

டீச்சர் வேகமாகப் பேனாவைத் திறந்தார். அவர் அதற்காகவே காத்திருந்தது போல இருந்தது.

ஆனால் அந்தக் கேள்வியோடு முடிவதில்லை. வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேலா, கீழா? என்ன வேலை? எங்கே? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எதில் போவார்?

படகில்.

வாய்வரை வந்தது.

என் பின்னால் எட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அமாவாசை. நன்றாக நீர் வற்றும், பாசிக்குப் போகிற நாள்.

அவள் தங்கை தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றேன்.

அவர் என் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

*

பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கணக்கில் நான் மீனவன். அவள் வேலை செய்யாதவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொடுத்தபோதும் கட்டைவிரலில் அந்தத் துணி இருந்தது. குளிப்பாட்டிய பெண்கள் கத்தியால் அறுத்துவிடவா என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்றேன். அப்படியே புதைத்தோம்.

துணி எப்போதோ மக்கியிருக்கும்.

நைலான் நூல் மக்காது.