பிராம்ஸ்டனில் அடித்த கோல்

துவாரகனின் அப்பா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிரம்பி வழிந்தது.

யாரும் கவனிக்கவில்லை. கழகக் கூடத்தில் இருந்த அத்தனை பேரின் கண்ணும் கொலினின் கைப்பேசிமேல் இருந்தது.

கொலின், கார்ன்மியர் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். வாரநாட்களில் தபால்காரர். லீக் குழுவின் முடிவை அவருக்குத்தான் முதலில் சொல்வார்கள்.

சீசனின் கடைசி ஆட்டம் சற்று முன்தான் முடிந்திருந்தது. வழக்கம்போலத் தோல்வி. வடக்கு இங்கிலாந்தின் இந்தச் சின்ன லீக்கில் கார்ன்மியர் தோற்பது அந்த ஊரில் மழை பெய்வதைப்போல. யாரும் அதிசயப்படுவதில்லை. ஆனால் இந்த முறை கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டால் கழகமே மிஞ்சாது. கேட்டை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

தப்ப ஒரே ஒரு வழி இருந்தது.

பிராம்ஸ்டன் என்ற ஊரின் கழகம் மாசி மாதம் கலைந்துபோனது. இடையில் கலைந்த கழகத்தின் ஆட்டங்களை லீக் அழித்துவிடலாம். வெற்றி, தோல்வி, கோல், ஒன்றும் மிஞ்சாது. அப்படி ஓர் ஆட்டம் நடக்கவேயில்லை என்றாகிவிடும்.

கார்ன்மியருக்கு ஒரு படி மேலே நின்ற கழகம் பிராம்ஸ்டனை வென்றிருந்தது. ஆட்டங்கள் அழிந்தால் அந்தப் புள்ளிகளும் அழியும். அவர்கள் விழுவார்கள், கார்ன்மியர் தப்பும். அவர்கள் சும்மா இருப்பார்களா? மேன்முறையீடு செய்தார்கள். இழுபட்டு இழுபட்டு, இன்று முடிவு.

கூடத்தில் எல்லோரும் அழியட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

துவாரகனின் அப்பா மட்டும் அழியக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

இவர்கள் குடிக்கும் தேநீரை ஊற்றிக்கொண்டே, இவர்களுக்கு எதிராக. துரோகம்தான். தெரிந்துதான் செய்தார்.

துவாரகன் பிராம்ஸ்டனில்தான் கோல் அடித்தான்.

அவருடைய ஒரே மகன். கார்ன்மியரின் மாற்று ஆட்டக்காரன். பாதி சீசனை மைதானத்து ஓர வாங்கில் குந்தியிருந்தே கழித்தவன். ஒலிபெருக்கிக்காரருக்கு அவன் பெயர் ஒருநாளும் ஒழுங்காக வாயில் நுழைந்ததில்லை.

ஐப்பசி மழையில், மூன்று கோல் வாங்கி எல்லோரும் களைத்துப்போன பிறகு, போய் ஓடிவிட்டு வா என்று அவனை இறக்கிவிட்டார்கள். அடித்தான் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். யாரோ உதைத்த பந்து அவன் முழங்காலில் பட்டது. சேற்றில் உருண்டது. போவதா நிற்பதா என்று யோசித்தது. பிறகு ஒருவழியாகக் கோட்டைத் தாண்டியது.

தோற்கிற ஆட்டத்தில் யார் கொண்டாடுவார்கள்? கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற அப்பா மட்டும் குடையை எறிந்துவிட்டுக் குதித்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் அது முப்பது கெஜத் தூரத்திலிருந்து அடித்த கோலாகியிருந்தது. அம்மாவுக்கு முன்னறையில் நடித்தே காட்டினான். அவர் குறுக்கே பேசவில்லை.

மார்கழியில், பயிற்சிக்குப் போகும் வழியில், உறைபனி படர்ந்த ஒரு வளைவில் அவன் கார் சறுக்கியது.

இருபத்திரண்டு வயது.

லீக்கில் அவன் பெயருக்கு நேரே இருந்தது அந்த ஒரு கோல்தான்.

மகன் கார் வாங்குமுன் அவனைக் கூட்டிவந்து விட்ட நாட்களில், சும்மா நிற்பானேன் என்று தேநீர்க் கேத்திலைக் கையில் எடுத்தவர் அவர். மகன் போன பிறகும் கீழே வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

கைப்பேசி அடித்தது.

கொலின் காதில் வைத்தார். கேட்டார். தலையாட்டினார். பிறகு அந்த வயதில், அந்த உடம்போடு, மேசைமேல் ஏறிவிட்டார்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்! தப்பினோம்! பிராம்ஸ்டனில் தோற்றுத்தானே வந்தோம், நமக்கு ஒரு நட்டமும் இல்லை!"

கூரை அதிர்ந்தது. கதிரைகள் விழுந்தன. பீர் மழையாகப் பெய்தது. யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அணித்தலைவன் கிரெக்தான் முதலில் துவாரகனின் அப்பாவைப் பார்த்தான். பிராம்ஸ்டனில் அன்று அந்தப் பந்தை உதைத்தவன் அவன். தூக்கிய கை அப்படியே இறங்கியது. பக்கத்தில் நின்றவன் கிரெக்கைப் பார்த்தான், பிறகு தேநீர்க் கவுண்டரைப் பார்த்தான். ஒவ்வொருவராக அடங்கினார்கள். கொலின் மேசையிலிருந்து எப்படி இறங்குவதென்று தெரியாமல் நின்றார்.

 அப்பாவுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. இது என் பிள்ளை அடித்தது, அழிக்க நீங்கள் யார் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

ஆனால் இவர்கள்தான் அவன் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள். 

கேத்திலை வைத்தார். கைகளைத் துடைத்தார்.

கைதட்டத் தொடங்கினார்.

முதலில் அவர் மட்டும். அவர் நிறுத்தப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, கிரெக். அதன் பிறகு எல்லோரும்.

வீட்டுக் கதவை மனைவி திறந்தாள். கார் ஓசை கேட்டே வந்திருக்க வேண்டும். புள்ளி, பிரிவு, மேன்முறையீடு ஒன்றும் அவளுக்குப் பிடிபடாது. கழகம் இருக்குமா இருக்காதா என்பது மட்டும்தான் அவள் கவலை.

"என்னப்பா, தப்பிட்டமோ?"

"ஓம். தப்பிட்டம்."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். 

"அப்ப பிள்ளையின்ர கோலும் உதவியிருக்கு, என்ன?"

அவர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

"அதாலதான் தப்பினது," என்றார், நிமிராமல்.