ஆள் அடையாளம்

"அழணும்னா வெளிய போய் அழுதுட்டு வாங்க. தாள் நனையுது" என்றாள் நர்ஸ்.

யாரும் வெளியே போகவில்லை.

என் ஜெராக்ஸ் கடையில் பழைய மாணவர்கள் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து எங்கள் ஓவிய டீச்சரின் முகத்தை வரைந்துகொண்டிருந்தோம். ஸ்டூல் போதாமல் பஸ் டிரைவர் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் முந்தின நாள் காலையில் வீட்டை விட்டுப் போனவர். இரண்டு வருஷமாகவே ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. கூட இருக்கும் தங்கை பால் வாங்கப் போன பத்து நிமிஷத்தில் கதவைத் திறந்து நடந்துவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். ஆதார் அட்டைப் படம் வெறும் கறுப்புத் திட்டு. அது போக, வீட்டைப் புரட்டிப் போட்டும் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ ஒன்றுதான் கிடைத்தது. அதில் டீச்சரின் முகம் மிளகு அளவு. யாராவது கேமராவைத் தூக்கினால் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவர் அவர்.

"எங்கக்கா முப்பத்தோரு வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்குப் படம் போடச் சொல்லிக்கொடுத்தா. அவ முகத்தைப் போட ஒருத்தர் இல்லையா?" என்று தங்கை என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொருவருக்காக போன் போட்டேன்.

எங்களில் யாரும் ஓவியராகவில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு ஓவிய வகுப்பு. அதையும் தனக்குத் தரும்படி கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். டீச்சர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. வாசலை அடைத்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவார்.

அதில் ஏதோ ஒட்டிக்கொண்டது. புண் ஆறுவதை நாளுக்கொரு படமாக நோட்டில் போட்டு வைப்பாள் நர்ஸ். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மேகத்தில் எத்தனை சாம்பல் நிறம் என்று எண்ணுவாராம் டிரைவர். நான் மட்டும் இருபது வருஷமாக அடுத்தவர் தாளை நகலெடுப்பதோடு சரி.

வரைந்து முடித்து ஏழு படங்களையும் தரையில் பரப்பினோம்.

ஏழு பேரும் ஏழு விதம்.

கடை போர்டு எழுதும் பெயின்டரின் டீச்சருக்கு முப்பது வயது, கெட்டிப் பின்னல். டிரைவரின் டீச்சர், தாமதமாக வந்தவனை முறைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் போட்டதில் கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. எல்லாமே டீச்சர்தான், அவரவர் பன்னிரண்டு வயதில் பார்த்த டீச்சர்.

இன்றைய டீச்சர் என்னுடையதில் மட்டும் இருந்தார். தங்கையோடு வாரா வாரம் என் கடைப் பக்கம் வருகிறவர் ஆயிற்றே. குழிந்த கன்னம், ஒட்ட வெட்டிய நரைமுடி. கோடுதான் கோணல்மாணல்.

இருப்பதிலேயே நன்றாக வந்திருந்த தன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார் பெயின்டர். என்னுடையதையே நகலெடுக்கச் சொல்லிவிட்டார்.

முந்நூறு பிரதி. ஏழு திசையாகப் பிரிந்தோம். ஆஸ்பத்திரி, சந்தை, ரயில் நிலையம், கண்ணில் பட்ட கம்பம், எதையும் விடவில்லை. பசை முழங்கை வரை காய்ந்து தோலை இழுத்தது. தன் சுவரில் ஒட்டக்கூடாது என்று ஒரு கடைக்காரர் கத்தினார். ஒட்டி முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று மணிக்கு என் பங்கு தீர்ந்தது. இன்னும் நூறு எடுக்கலாம் என்று கடைக்குத் திரும்பினேன்.

வழியில், தபால் நிலையச் சுவரில் நான் ஒட்டியிருந்த நோட்டீஸின் முன்னால் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி. புடவைக் கரை முழுக்கச் சேறு. கையில் தபால் நிலையத்துப் பேனா. அதைக் கட்டியிருந்த நூல் அறுந்து தொங்கியது.

நோட்டீஸில் எதையோ திருத்திக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

"இதை யாரு போட்டது? காதை இவ்வளவு மேல ஏத்தி வெச்சிருக்கு."

நான்தான் என்றேன்.

படத்தில் இருக்கிற அந்த அம்மா யார் என்று கேட்டார்.

"எங்க ஓவிய டீச்சர்."

மறுபடி அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தார், அறிமுகமில்லாத ஒருவரை மரியாதையோடு பார்ப்பதுபோல.

"அப்போ இன்னும் பொறுமையாப் போட்டிருக்கணும்" என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வலது கையால் காதைக் கீழே இறக்கி வரையத் தொடங்கினேன்.

இந்த முறை பார்த்துப் போட ஆள் பக்கத்திலேயே நின்றார்.