உறையாத கஸ்டர்ட்

கண்ணாடிக் கிண்ணத்தில் பிஸ்கட், மாம்பழம், கஸ்டர்ட் என்று அடுக்கி வைத்து மூன்று மணி நேரமாகிவிட்டது. தங்கை ஐந்தாவது முறையாக ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"இன்னும் உறையலக்கா. தண்ணியா ஆடுது."

"இப்படித் திறந்து திறந்து பார்த்தா எப்படி உறையும்? மூடுடி," என்றாள் அக்கா.

"அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க. அவங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா இந்தக் கல்யாணம் நடக்காதுன்னு அவர் தெளிவாச் சொல்லிட்டாரு."

"அவ்வளவு கறாரான ஆளா?"

"முன்னாடி பார்க்க வந்த பொண்ணுகிட்ட முகம் கொடுத்துக்கூடப் பேசலையாம்."

அழைப்பு மணி அடித்தது. தங்கை ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வந்தவர்களை உட்காரவைத்து, கிண்ணத்தை மேசைக்குக் கொண்டுவந்தாள். கரண்டியை விட்டதும் அடுக்குகள் சரிந்து ஒன்றாகக் கலந்து கூழாகிவிட்டன. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அந்தக் கறாரான ஆள், மாப்பிள்ளையின் தாயில்லாத ஏழு வயது மகள், நாற்காலியில் முட்டிபோட்டு ஏறி, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கும் சரியா வராதா? அப்பா செஞ்சாலும் இப்படித்தான் ஆகும்."

அவர் தலை குனிந்துகொண்டார்.

சிறுமி பக்கத்து நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பரவாயில்ல, டம்ளர்ல ஊத்துங்க, குடிச்சிடலாம். நீங்களும் இங்க வந்து உக்காருங்க."